போட்டுக் கொடுத்த வயோலா

கரீமான் பத்ராவியின் பெயர் கெய்ரோவில் அநேகமாக யாருக்கும் தெரியாது. அவளுடைய இசையைக் கேட்காத வீடும் அநேகமாகக் கிடையாது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தொடரின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது ஜனங்கள் தேநீர் போட எழுந்துவிடுகிறார்கள். பெயர் கூடத்திலேயே நின்றுவிடுகிறது; இசை மட்டும் அடுக்களை வரைக்கும் பின்னால் போகிறது.

ஷுப்ராவில் ஐந்து பெண்களில் நான்காவதாகப் பிறந்தவள். அப்பா நீர்ப்பாசன அமைச்சகத்தில் எழுத்தர். இசை என்பது அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் கேட்டுவிட்டு வர வேண்டிய சங்கதி, சொந்த வீட்டுக்குள் நுழையக் கூடாதது என்பது அவர் கொள்கை. அப்படிப்பட்டவரே ஸமாலெக்கில் இருந்த இசை ஆசிரியர் கல்லூரிக்கு மகளை அழைத்துப்போய்ச் சேர்த்தார். படித்து முடித்தால் அரசாங்கப் பள்ளியில் வேலை நிச்சயம் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அரசாங்க வேலை என்றால் இசையைக்கூட மன்னிக்கலாம்.

கருவி வழங்கும் நாளில் கரீமானின் முறை வந்தபோது வயலின்கள் தீர்ந்துபோயிருந்தன.

"இது இருக்கு, எடுத்துக்கோ," என்று பொறுப்பாளர் ஒரு வயோலாவை நீட்டினார்.

"இதுவும் வயலின் மாதிரிதானே, உஸ்தாஸ்?"

"மாதிரிதான். வாசிச்சா யாருக்கும் கேக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்."

வயலினைவிட உடம்பு கொஞ்சம் பெரிது, குரல் கொஞ்சம் தாழ்வு. மேலே வயலின்கள் கூவும், கீழே செல்லோக்கள் முனகும், நடுவில் வயோலா தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். கரீமான் பள்ளி ஆசிரியையாக ஒரே ஒரு வருடம் இருந்தாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடங்கள், திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் பின்னணி இசை பதிவாகும் கூடங்களில், தந்திக் கருவிகளின் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நடு வரிசைக்கு ஒரு வசதி உண்டு. அங்கே இருப்பவளை யாரும் கவனிப்பதில்லை. அவளுக்கோ எல்லாமே கேட்கும். இசை நடத்துநருக்காக மாட்டியிருக்கும் படத்திரையும் ஓரக்கண்ணில் தெரியும். கதாநாயகி அழப்போவதற்கு அரை விநாடி முன்பே இசை அழ ஆரம்பித்துவிடுவதை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஒருமுறை வாயைத் திறந்து சொல்லியும்விட்டாள்.

"மன்னிக்கணும், அந்தம்மா இன்னும் கடிதத்தைப் பிரிக்கவே இல்ல. நாம அதுக்குள்ள ஒப்பாரி வைக்கிறோம்."

"பாருங்கப்பா, வயோலாவுக்கு வாய் முளைச்சிடுச்சு!" என்றார் நடத்துநர். முப்பது பேரும் சிரித்தார்கள். அடுத்த முறை அரை விநாடி தள்ளித்தான் ஆரம்பித்தார்.

இந்த வாயைக் கேள்விப்பட்டுத்தான் ஷவ்கி மஹ்கூப் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ஷவ்கி பெரிய இசையமைப்பாளர். சுரக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. அதைப் பற்றி அவர் வெட்கப்பட்டதும் கிடையாது. காரை ஓட்டிக்கொண்டே ஒலிநாடாவில் முனகுவார். அந்த முனகலை, இடையில் வரும் ஹாரன் சத்தங்களைக் கழித்துவிட்டு, நாற்பது வாத்தியங்களுக்கு விரித்து எழுதுவது கரீமானின் வேலை. முனகல் மூன்று விநாடி, விரிப்பு எண்பது பக்கம். ஒன்பது வருடங்கள் இப்படி ஓடின. திரையில் 'இசை: ஷவ்கி மஹ்கூப்' என்று வரும். கரீமானுக்குப் புகழில் ஆசையே கிடையாது என்று சக வாத்தியக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அது சுத்தப் பொய். அந்தப் பெயர் திரையில் வரும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு வயிறு எரிந்தது. எரிகிறதை வெளியே காட்டும் பழக்கம் நடு வரிசையில் இருப்பவர்களுக்குக் கிடையாது, அவ்வளவே.

அவளுடைய நாற்பத்தாறாவது வயதில், ஒரு ரமலான் மாதத்தில், ஷவ்கி தானாகவே சறுக்கினார். ஒரே நேரத்தில் நான்கு தொடர்களுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். ஒரே மாலையில் எதிரெதிர் அலைவரிசைகளில், இங்கே ஒரு கிழவரின் சாவுக்கும் அங்கே ஒரு லாரி கவிழ்ந்ததற்கும் ஒரே இசை வந்தது. நோன்பு திறந்துவிட்டு ஊரே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற நேரம் அது. அதில் ஒரு தொடரின் தயாரிப்பாளர், ஹஜ் போய் வந்ததால் 'ஹாக்' என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் மித்வல்லிக்கு மானம் போயிற்று. அடுத்த வருடத் தொடருக்கு அவர் நேரே கரீமானின் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஷவ்கியோட இசையெல்லாம் நீங்கதான் எழுதறீங்கன்னு எனக்குத் தெரியும், மேடம். இந்தத் தடவை உங்க பேர்லயே எழுதுங்க. வழக்கம்போல ஷஅபான் மாசமே பையைக் குடுத்துடுங்க."

பை என்றால் இருபது, இருபத்தைந்து துண்டு இசை. சோகம் ஒன்று, சோகம் இரண்டு, பயம், காதல், துரத்தல், மகிழ்ச்சி ஒன்று, மகிழ்ச்சி இரண்டு என்று பெயரிட்டு ரமலானுக்கு முந்தைய மாதமே கொடுத்துவிட வேண்டியது. தொடரின் முதல் பாகம் ஒளிபரப்பாகும்போது இருபதாம் பாகம் இன்னும் எழுதப்பட்டுக்கூட இருக்காது. ஒலிக்கலவை செய்கிறவன் பையில் கைவிட்டு, அழுகை வந்தால் சோகம் ஒன்று, கொஞ்சம் ஜாஸ்தி அழுதால் சோகம் இரண்டு என்று தூவிக்கொண்டே போவான். ஊரில் எல்லாத் தொடரும் இப்படித்தான் பரிமாறப்பட்டது.

"பை கிடையாது, ஹாக். படத்தை அனுப்புங்க. ஒவ்வொரு பாகமும் பார்த்துட்டுத்தான் எழுதுவேன்."

"முப்பது பாகமுமா? ரமலான்லயா?" மித்வல்லி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "நபி மேல ஸலவாத் சொல்லி நிதானமா யோசிங்க மேடம். சில பாகம் ராத்திரி முழுக்க எடுத்து அன்னைக்கே ஒளிபரப்பாகும்."

"அப்ப நானும் அன்னைக்கே எழுதறேன்."

"முடியலைன்னா?"

"முடியும்."

மித்வல்லி நல்ல மனிதர், ஆகவே எச்சரிக்கையானவர். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார். ஏதாவது ஒரு பாகம் இசையில்லாமல் கலவை அறைக்கு வந்தால், ஷவ்கியின் பழைய பை திறக்கப்படும். அந்த நிமிடத்திலிருந்து திரையில் ஷவ்கியின் பெயர்தான் வரும். கரீமான் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

தொடரின் பெயர் 'ஆறாவது மாடி'. வதீதா என்ற விதவை, வீட்டை விற்றுத் தரச்சொல்லும் இரண்டு மகன்கள், அடிக்கடி நின்றுபோகும் மின்தூக்கி. இருபத்தொன்பது பாகம் வரைக்கும் வதீதா கல்லுக்குண்டு மாதிரி இருப்பாள். மகன்களை விரட்டுவாள், மாடிப்படியில் தக்காளிக் கூடையோடு ஏறுவாள். முப்பதாம் பாகத்தில் தூக்கத்திலேயே போய்விடுவாள். எழுத்தாளர் லபீப் இந்த முடிவை நான்கு பேருக்கு மட்டும் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்று நடிகையிடம்கூட மறைத்துவிட்டார். நான்கு பேரில் கரீமானும் ஒருத்தி.

வதீதாவுக்கென்று அவள் ஒற்றை வயோலாவில் ஒரு சிறு வரி எழுதினாள். நான்கு சுரம் இறங்கும், ஐந்தாவது சுரத்தில் வீடு திரும்ப வேண்டும், திரும்பாது. அந்த ஊர்ப் பாட்டில் அந்த வீடு திரும்பும் இடத்துக்குக் கஃப்லா என்று பெயர். அது வந்தால்தான் கேட்கிறவன் "அல்லாஹ்!" என்று கத்துவான், வராவிட்டால் செருப்பைத் தேடுவான். கரீமான் அந்தக் கஃப்லாவை முப்பதாம் பாகத்துக்குப் பூட்டி வைத்தாள். வாத்தியக்காரர்கள் களைப்பில்லாமல் இருக்கும்போதே, ஷஅபான் மாதத்தில், முப்பத்திரண்டு தந்தி வாத்தியங்களை வைத்து, எதற்கென்று அவர்களிடம் சொல்லாமலே, வதீதாவின் சாவைப் பதிவு செய்தாள். நான்கு நிமிடம். கடைசியில் அந்த ஐந்தாவது சுரம் வந்து அமர்ந்தபோது செல்லோ வரிசையில் ஒருவர் வில்லை மடியில் வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். தான் எழுதியதிலேயே சிறந்தது இதுதான் என்று கரீமானுக்குத் தெரிந்தது. இது அவள் செய்த ஒரே தப்பு. படத்தைப் பார்க்காமல் எழுதியது அது ஒன்றைத்தான்.

ரமலான் பிறந்தது. விடிந்ததும் படம் வரும், பத்து மணிக்குள் எழுதுவாள், பதினோரு மணிக்குப் பதிவு. நோன்பு மாதத்தில் பதினோரு மணிக்கு வாத்தியக்காரனைக் கூப்பிடுவது என்பது, காப்பியும் சிகரெட்டும் இல்லாத முப்பது பேரை ஒரே அறையில் பூட்டுவது. கானூன் வாசிக்கும் ஃபிக்ரி, மடியில் எழுபத்தெட்டுத் தந்திகளை வைத்துக்கொண்டு தினமும் ஒரே முறையீடு செய்வான்.

"மேடம், இந்த அம்மாவோட வரியை எப்பத்தான் முடிப்பீங்க? வீட்டுக்குப் போனா காதுலயே தொங்குது. நேத்து சூப்புக் குடிக்கும்போது நானே முடிச்சுக்கிட்டேன்."

"முப்பதாம் பாகத்துல முடியும்."

"அதுவரைக்கும் நான் உயிரோட இருக்கணுமே."

"வயோலாக்காரியைத் திட்டறவனுக்கு ஆயுசு அதிகம். வாசி."

கலவை அறையில் ஸஃப்வத் என்று ஓர் ஆள். நல்ல காது. முதல் பாகத்தின் இசை வந்தபோதே, "மேடம், கோப்பு கடைசில வெட்டுப்பட்டு வந்திருக்கு, மறுபடி அனுப்புங்க," என்று தொலைபேசியில் கூப்பிட்டவன். வெட்டுப்படவில்லை, அப்படித்தான் என்று புரியவைக்கக் கால் மணி நேரம் பிடித்தது. ஷவ்கியின் பை அவன் மேசைமேலேயே இருந்தது. ஒவ்வொரு நாளும் நண்பகலுக்குள் கரீமானின் இசை வந்தது. பை மேல் தூசி படிந்தது. இருபத்திரண்டு பாகங்கள் இப்படிப் போயின. இருபத்திரண்டு மாலைகள் 'இசை: கரீமான் பத்ராவி' என்று வந்தது. ஷுப்ராவில் அக்காதங்கைகள் மட்டும் தேநீருக்கு எழுந்திருக்காமல் பார்த்தார்கள்.

இருபத்து மூன்றாம் நாள் மித்வல்லி அவளை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். உள்ளே லபீப் முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார்.

"யார்கிட்ட சொன்னீங்க?" என்றார் லபீப்.

"எதை?"

"வதீதா சாகப்போறதை! பத்தாம் பாகத்துலேர்ந்து அலைவரிசைக்கு ஃபோன் மேல ஃபோன். 'அந்தம்மாவைக் கொன்னுடாதீங்க, எங்க பெருநாளைக் கெடுத்துடாதீங்க'ன்னு. பத்திரிகைல தலைப்பே போட்டுட்டான். கதைல அவளுக்கு ஒரு தும்மல்கூட நான் வைக்கல! எப்படித் தெரிஞ்சுது? நாலு பேர்ல ஒருத்தர்தான் சொல்லியிருக்கணும்."

"நான் என் அக்காகிட்டகூடச் சொல்லல."

"அப்ப ஹாக் சொன்னாரா?"

"என்னை ஏன் இழுக்கறீங்க?" என்றார் மித்வல்லி. பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. "இருங்க. என் சம்சாரம்... வதீதா தட்டைத் தூக்கிட்டு வந்தாலே அழறா. ஏண்டி, அவ கத்தரிக்காய்தானே கொண்டு வர்றான்னேன். 'அந்தப் பிடில் சத்தம் கேக்கலையா, இவ போயிடப்போறா'ங்கறா. நான் ஒரு வார்த்தை சொல்லல. ஆண்டவன்மேல ஆணை."

அறையில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லபீப் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பிடில் இல்ல," என்றாள் கரீமான். "வயோலா."

"அடப்பாவமே!" என்றார் லபீப். "நான் ஒளிச்சு வெச்சதை நீங்க தினமும் வாசிச்சே காட்டிக் குடுத்திருக்கீங்க!"

இருபத்திரண்டு வருடம் யாருக்கும் கேட்காது என்று உட்கார்ந்திருந்த வாத்தியம், கேட்டதோடு நிற்காமல் ஊர் முழுக்கப் போய்ப் போட்டும் கொடுத்துவிட்டது. கரீமானுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததாக மித்வல்லி சொன்னதைக் கேட்டதும் அது நின்றது.

"அலைவரிசைக்காரங்க பயந்துட்டாங்க. வதீதா சாகக் கூடாதாம். உஸ்தாஸ் லபீப் கடைசி நாலு பாகத்தை மாத்தி எழுதிட்டார். வீடும் அவளுக்கே கிடைக்குது."

தன் இசை மிக நன்றாக வேலை செய்ததால்தான் தன் முடிவு தன் கையைவிட்டுப் போனது என்பது அவளுக்குப் புரிந்தது.

"அதனால என்ன, மேடம்?" மித்வல்லி சமாதானமாகப் பேசினார். "அந்த நாலு நிமிஷம் தயாரா இருக்கே, முப்பத்திரண்டு பேர் வாசிச்சது. அதையே சந்தோஷ முடிவுல போட்டுடலாம். எவ்வளவு அழகா இருக்கு!"

"அது சாவு, ஹாக்."

"ஜனங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரியும்னு இப்பத்தானே சொன்னீங்க. அதைப் போட்டா, அந்தம்மா கதவைச் சாத்தின உடனே மாரடைப்புல விழுவாங்கன்னு உங்க வீட்டுக்காரம்மாவே அழுவாங்க."

மித்வல்லி தாடியைத் தடவினார். "அப்ப புதுசா எழுதுங்க. ஆனா ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். பிறை தெரிஞ்சா இருபத்தொன்பதாம் நாளே பெருநாள் ராத்திரி. கடைசி ரெண்டு பாகமும் சேர்ந்து போகும். அன்னைக்கு நண்பகல்ல ஸஃப்வத் கைல இசை இல்லைன்னா, ஷவ்கியோட 'மகிழ்ச்சி ரெண்டு' போகும். ஷவ்கியோட பேரும் போகும்."

"படத்தை அனுப்புங்க," என்றாள் கரீமான்.

இருபத்தொன்பதாம் பாகம் வரைக்கும் படம் முன்கூட்டியே வந்து பதிவும் முடிந்திருந்தது; முப்பதாம் பாகத்தின் படம் மட்டும் இருபத்தேழாம் நாள் மாலையில்தான் வந்தது. கடைசிக் காட்சி இதுதான். மகன்கள் போய்விடுகிறார்கள். வதீதா கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போடுகிறாள், மின்தூக்கி வழக்கம்போல நின்றுபோயிருக்கிறது, ஆறு மாடிப்படிகளையும் இறங்கி, பெருநாள் பலகாரத்துக்கு மாவும் நெய்யும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிறாள். அவ்வளவுதான். வசனமே இல்லை. மூன்று நிமிடம்.

இருபத்தெட்டாம் நாள் காலையில் தந்தி வரிசையைக் கூப்பிட ஆரம்பித்தாள். சோஹாக்குக்குப் போகும் ரயிலில் இருந்து ஒருவர் எடுத்தார். இன்னொருவர் தன்தாவில் மாமியார் வீட்டில் இருந்தார். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு கெய்ரோவில் வயலின்காரர்கள் இருக்கமாட்டார்கள் என்பதை நடு வரிசையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள் மறந்துபோயிருந்தாள். ஒரு வரிசையைத் தேடினால் கிடைத்தது மூன்று பேர். பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஃபிக்ரி, தாளத்துக்கு அவன் மச்சான், அப்புறம் கரீமான்.

"மூணு பேரா?" என்றான் ஃபிக்ரி. "முப்பத்திரண்டு பேர் வாசிச்ச சாவு, மூணு பேர் வாசிக்கிற உயிரா? மேடம், கோவிச்சுக்காதீங்க, பேசாம பையைத் திறக்கச் சொல்லுங்க. யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டாங்க."

"நான் சொல்லுவேன்."

"பேருதானே போகும்."

"ஒன்பது வருஷம் போச்சு. இனி ஒரு நாளும் போகாது. தந்தியைச் சரி பண்ணு."

படத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். முதலில் புதிதாக ஒரு மகிழ்ச்சியை எழுதிப் பார்த்தாள். மாடிப்படியில் வதீதா அதைச் சட்டையே செய்யவில்லை, வேறு யாருடைய பாட்டோ கேட்பதைப் போல இறங்கிப் போனாள். வதீதாவின் வரியை மெதுவாக வாசித்துக் கஃப்லாவில் முடித்துப் பார்த்தாள். உடனே அது இழவு வீடானது. மூன்றாம் தடவை ஓடும்போது ஃபிக்ரியின் மச்சான் சும்மா இருக்க முடியாமல், படியிறங்கும் கால்களுக்கு டெஃப் என்னும் கைப்பறையில் விரல்களால் தட்டிக்கொண்டிருந்தான். தும்-தக், தக்-தும். கடைத்தெருவுக்குப் போகிற நடை.

"நிறுத்தாதே," என்றாள் கரீமான்.

அதே நான்கு சுரங்களை அந்த நடையில் வாசித்தாள். ஐந்தாவது சுரம் வந்தது. அவள் அதில் உட்காரவில்லை. வழியில் தெரிந்தவர் கடையைத் தாண்டுகிற மாதிரி ஒரு தலையசைப்போடு தாண்டிப் போனாள். அடுத்த சுற்றில் மறுபடி வந்தது, மறுபடி தாண்டினாள். ஆறு மாடிக்கு ஆறு தடவை. இருபத்தொன்பது பாகமாகப் பூட்டி வைத்த கஃப்லா, சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி வராமல், நெய் வாங்கப் போகிற வழியில் சாதாரணமாகக் கிடைத்தது. கானூன் இடையிடையே சில்லறையாகச் சிரித்தது.

முடிந்ததும் ஃபிக்ரி கையைத் தந்திகள் மேல் வைத்து அமர்த்திவிட்டு, "அல்லாஹ்!" என்றான். பிறகு கோபமாக, "எங்க கத்தறதுன்னே தெரியலையே, ஆறு தடவை தாண்டிட்டீங்களே!" என்றான்.

இருபத்தொன்பதாம் நாள் நண்பகலுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கரீமான் கலவை அறைக்குள் நுழைந்தாள். ஸஃப்வத் பையைத் திறந்து 'மகிழ்ச்சி இரண்டை'த் தயாராக ஏற்றி வைத்திருந்தான். மித்வல்லி சுவரோரம் உட்கார்ந்து தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை வாத்தியம்?" என்றார் மித்வல்லி.

"மூணு."

"மூணா!"

"படத்துல ஒரு பொம்பளைதான் இருக்கா, ஹாக். அவளுக்கு மூணே ஜாஸ்தி. ஓட்டு, ஸஃப்வத்."

ஸஃப்வத் ஓட்டினான். மூன்றாவது மாடியில் மித்வல்லியின் கை மணிகள் டெஃப் தாளத்துக்கு உருளத் தொடங்கியதை அவர் கவனிக்கவில்லை, கரீமான் கவனித்தாள். வதீதா தெருவில் கலந்து மறைந்தாள். இசை இன்னும் நாலு எட்டு நடந்துவிட்டு நின்றது.

"சாகல," என்றார் மித்வல்லி.

"இல்ல."

"இனிமேலும் சாக மாட்டா போலிருக்கே." எழுந்தார். "ஸஃப்வத், இந்தப் பையை எடுத்து அப்பால வை. மேசையை அடைச்சுக்கிட்டு."

அன்று மாலை பிறை தெரிந்தது. இரண்டு பாகங்களும் ஒன்றாக ஓடின. இரண்டிலும் அவள் பெயர் வந்தது. இரண்டு தடவையும் ஊர் தேநீர் போட எழுந்து போனது.

பெருநாள் கழிந்து நான்காம் நாள் மித்வல்லி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷத்துக்கும் நீங்கதான், மேடம். பை வேணாம், படம் அனுப்பறோம். பேர் விஷயத்துல ஒரு நிபந்தனையும் கிடையாது, முதல் வரிலயே எழுதிட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா உஸ்தாஸ் லபீப் ஒரு நிபந்தனை போட்டிருக்கார். கதையோட முடிவை உங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டாராம்."

"சொல்ல வேணாம்," என்றாள் கரீமான். "முதல் பாகத்தை அனுப்புங்க. நானே கண்டுபிடிச்சுக்கறேன்."